ராங்கினோட 'தி ஃபால்ஸ்' – சவப்பொட்டியும் பொம்மையும்
உக்கடத்துல பழைய புக்கு கடையில எடுத்ததுங்க, இயான் ராங்கின் எழுதி 2001ல வந்த நாவல். ஸ்காட்லாந்துல இருக்கற எடின்பரோவுல பேங்க்காரர் ஒருத்தரோட பொண்ணு காணாம போவுது, அவங்க வீடு இருக்கற ஊர்ல பாத்தா ஒரு குட்டி சவப்பொட்டி, உள்ளுக்குள்ள பொம்மை. இது சும்மா கட்டுனது இல்லீங்க, நெசமாலுமே 1836ல எடின்பரோவுல இருக்கற ஆர்தர்ஸ் சீட் மலையில முயல் புடிக்கப்போன பசங்க இந்த மாதிரி 17 பொட்டிய பாத்திருக்காங்க, மிச்சம் 8 இன்னும் அங்க மியூசியத்துல இருக்குது, எதுக்கு வெச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல. நம்மூரா இருந்தா செய்வினைன்னு ஒரே பேச்சுல முடிச்சிருப்பாங்க! பேய் கீய் நேர்ல வராது, ஆனா அந்த பயம் பக்கத்துக்கு பக்கம் கூடவே வருது. கேஸ துப்பறியற போலீஸ்காரர் ரீபஸ் குடிச்சுக்கிட்டே நோண்டறதெல்லாம் செமைங்க. ஈமெயில்ல புதிர் போடற பகுதிதான் ஒரே இழுவை, அதுல பாதிய வெட்டியிருக்கலாம்.