"மோட்டார் போயிடுச்சு" என்று சொல்லும் கடைகள்: டர்பனில் பழைய பக்கி வைத்திருப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பழைய பக்கி, அதாவது ஹைலக்ஸோ இசுசுவோ மாதிரி பிக்கப் வண்டி வைத்திருக்கும் நம்மவர்கள் யாராவது பவர் விண்டோ ரிப்பேருக்குப் போவதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் பொதுவில் போடப் போவதில்லை. சாட்ஸ்வொர்த் பக்கம், ஹிக்கின்சன் ஹைவேயிலிருந்து அதிக தூரமில்லை என்பது வரைக்கும் சொல்லலாம்.

என்னுடையது 2008 ஹைலக்ஸ் டபுள் கேப். விடிவதற்கு முன் கிளேர்வுட் மொத்த மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக் கடைக்குக் கொண்டுவரும் வண்டி. முதலில் டிரைவர் ஜன்னல் மட்டும் நினைத்தால் வேலை செய்யும், நினைத்தால் நிற்கும். பிறகு ஒரு நாள் அதைப் பாதி இறக்கியிருந்தபோது நான்கு ஜன்னலும் ஒன்றாகச் செத்துப்போயின. இந்த ஊரில் ஜன்னல் திறந்தபடி ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) நிற்பது என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். போனை எங்கே வைப்பது, பணப்பையை எங்கே வைப்பது என்பதே பெரிய கவலையாகிவிடும்.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். அவருக்குத் தெரிந்த தமிழ் 'அண்ணா', 'வா', 'சாப்பாடு' அவ்வளவுதான். ஆனால் அந்த 'அண்ணா'வை வாக்கியத்துக்கு ஒரு முறை சொல்வார். சாவியைப் போட்டு, சுவிட்சை இரண்டு தட்டு தட்டினார். "மோட்டார் எரிஞ்சுபோச்சு அண்ணா, ரெகுலேட்டரும் போச்சு, செட்டாகத்தான் மாற்றணும்" என்றார். ரெகுலேட்டர் என்றால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பு. கரண்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை, கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. ஒரு கதவின் மோட்டார் எரிந்தால் மற்ற மூன்று ஜன்னலும் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டேன். "அது இழுத்த இழுப்பில் மற்றதெல்லாம் படுத்துவிட்டது" என்று ஒரு விளக்கம் வந்தது. கதவை அரைவாசி திறந்து வைத்தால் சில சமயம் ஜன்னல் வேலை செய்கிறது என்பதையும் சொன்னேன். நோயைக் கண்டுபிடிக்க அந்த ஒரு தகவலே போதும். அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

வாயால் சொன்ன விலை 4,600 ரேண்ட், முன்பணம் 2,000. வண்டியை எடுக்கப் போனபோது பில் 5,850. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் 'லேபர் கூடிவிட்டது'. நான்கு ஜன்னலும் சர்ரென்று ஏறி இறங்கின, அதை மறுக்கவில்லை. கழற்றிய பழைய மோட்டாரைக் கொடுங்கள் என்றதற்கு, "அந்தக் குப்பை எதுக்கு அண்ணா, ஸ்க்ராப்காரன் காலையிலேயே எடுத்துப் போய்விட்டான்" என்று சிரித்தார்.

அப்புறம் மழை வந்தது. டர்பன் கோடை மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மறுநாள் காலையில் டிரைவர் சீட்டுக்குக் கீழே கார்பெட்டை மிதித்தால் தண்ணீர் பொங்குகிறது. இரண்டு வாரம் வண்டிக்குள் ஊறின சாக்கு நாற்றம். அது போகும் முன்பே நான்கு ஜன்னலும் மறுபடி நின்றுவிட்டன. கடைக்குப் போன் செய்தால், "அது வேற ஃபால்ட், வேற பில்" என்று பதில்.

சரி, போதும் என்று நண்பர் சொன்ன ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். வீட்டுக் கராஜிலேயே வேலை பார்க்கும் பெரியவர், எல்லோருக்கும் அவர் அங்கிள். அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? டிரைவர் கதவைத் திறந்து, கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் கறுப்பு ரப்பர் குழாயைப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே சுவிட்சை அழுத்தச் சொன்னார். ஜன்னல் ஒரு விரல் அகலம் நகர்ந்து நின்றது. "தம்பி, இங்கேதான்" என்றார்.

ரப்பரை விலக்கிக் காட்டினார். வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட எர்த் வயர் (கரண்ட் பாடிக்குத் திரும்பிப் போகும் வயர்) அறுந்து, அதை வெறும் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை உருகி வழிந்து, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. முறுக்கிய இடத்தில் செம்பு பச்சை பூத்துப் போய், அதே இடத்தில் மறுபடி அறுந்திருந்தது. கதவை ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அந்தக் குழாய்க்குள் இருக்கும் வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. பதினைந்து வருஷத்துக்கு மேல் மடங்கினால், மேல் உறை நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். இந்த மாதிரி வண்டிகளில் மற்ற ஜன்னல்களின் எர்த்தும் டிரைவர் கதவிலுள்ள மெயின் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. அதனால் அந்த ஒரு வயர் போனால் நான்கும் போகும்.

அடுத்து கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினார். கிளிப்புகளில் பாதி உடைந்திருந்தன, அதற்குப் பதிலாக ஒரு மரத் திருகாணியை முறுக்கி ஏற்றியிருந்தார்கள். உள்ளே கதவின் இரும்பை மூடி ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட்டைப் பிளேடால் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளே இறங்குவது சாதாரணம்தான். அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அது கேபினுக்குள் வராமல் தடுப்பதே அந்த ஷீட்தான். கார்பெட் நனைந்த கதை அப்போதுதான் புரிந்தது.

கடைசியில் டார்ச்சை மோட்டார் மேல் அடித்தார். மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகுகள், ரெகுலேட்டர் போல்ட்டுகள் எல்லாவற்றின் மேலும் வருஷக்கணக்கான புழுதி கிரீஸோடு சேர்ந்து கெட்டியாகப் படிந்திருந்தது. ஒன்றின் தலையிலும் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. புது மோட்டார், புது ரெகுலேட்டர் என்று பில் போட்டவர்கள் எதையும் மாற்றவே இல்லை. பழைய மோட்டாரை ஏன் கொடுக்க முடியவில்லை என்பதும் விளங்கியது. அது என் கதவிலேயே இருந்ததே!

அங்கிள் முறுக்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல வளையும் வயரைக் கொஞ்சம் நீளமாகவே சேர்த்து, குழாய்க்கு வெளியே மடங்காத இடத்தில் சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடாக்கி இறுக்கினார். ஷீட்டையும் புதிதாக வெட்டி ஒட்டினார். கண்ணாடி ஓடும் ரப்பரில் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தார். அதில் எண்ணெயோ கிரீஸோ போடாதே, ரப்பர் ஊதிவிடும் என்றார். மொத்தம் 650 ரேண்ட். காப்பியும் கொடுத்தார்.

மோட்டார் உண்மையிலேயே போய்விட்டதா என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். இருட்டில் உள் விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னல் சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஏதோ இறுக்கிப் பிடித்திருக்கிறது. விளக்கு அசையவே இல்லை, சத்தமும் இல்லை என்றால் ஃபியூஸ், சுவிட்ச், வயர் இவற்றைப் பார்த்த பிறகுதான் மோட்டார் பேச்சே வர வேண்டும். மோட்டார் பிளக்கில் மீட்டர் வைத்துச் சுவிட்சை அழுத்தும்போது 12 வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் மட்டும் மோட்டார் மேல் பழி போடலாம். இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எண் 68. அதன் 15ஆம் பிரிவுப்படி, எஸ்டிமேட் கொடுத்து உங்கள் சம்மதம் வாங்கியிருந்தால், நீங்கள் மறுபடி ஒத்துக்கொள்ளாமல் அதைவிடக் கூடுதலாக வாங்கக் கூடாது. 67ஆம் பிரிவு, கழற்றிய பாகங்களைத் தனியாக எடுத்துவைத்து, சுத்தமான பையிலோ பெட்டியிலோ போட்டு உங்களிடம் திருப்பித் தரச் சொல்கிறது. வேண்டாமென்று நீங்கள் சொன்னால்தான் விலக்கு. 57ஆம் பிரிவில், போட்ட பாகத்துக்கும் கூலி வேலைக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம். என் ஜன்னல் மறுபடி நின்றது அந்தக் கெடுவுக்குள்தான், ஆக 'வேற பில்' என்பது செல்லாத பேச்சு.

அங்கிள் வயரைத் தொடும் முன்பே எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவைத்தேன். முறுக்கிய வயர், கிழிந்த ஷீட், புழுதி படிந்த போல்ட்டுகள், பக்கத்தில் அவர்கள் பில். முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டு ஈமெயில் அனுப்பினேன். இதுவரை வந்த பதில், 'அண்ணா, வாங்க பேசலாம்' என்ற ஒரு வாட்ஸ்அப் வரி. பேசப் போகவில்லை, எழுத்தில்தான் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அது வராவிட்டால் அடுத்து மோட்டார் தொழிலுக்கான ஓம்பட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம்) புகார் போகும். அங்கேயும் கடைக்கு முதலில் எழுதிக் கேட்டீர்களா என்றுதான் பார்ப்பார்கள், அதனால் போன் பேச்சோடு யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

அதே கடையில் இப்படி மாட்டியவர்கள் இருந்தால் பில்லோடு எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்த்து அனுப்பலாம். அங்கிளின் நம்பர் கேட்பவர்களும் தனியாகவே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கோயில் வேலை, அன்றைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.