தோட்டப் பாதைக்கு 60 மி.மீ. பேவர் பிளாக்: வாங்கலாமா?

பேவர் பிளாக் என்றால் தரையில் பதிக்கும் கான்கிரீட் கல். ஆள் நடக்கும் பாதைக்கு 60 மி.மீ. கனம் தாராளம், கார் ஏறுமென்றால் 80. ரப்பர் அச்சில் (மோல்டு) வார்த்த பளபளக்கும் கல்லைத் தவிர்த்துவிடுங்கள், மழையில் வழுக்கும். மெஷினில் அழுத்திய சொரசொரப்பான கல்லே நல்லது. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும்.

குறை பெரும்பாலும் கல்லில் இல்லை, அடியில்தான். ஏழரை அங்குலம் தோண்டி, நான்கு அங்குலம் வெட்மிக்ஸ் (தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லியும் கல்தூளும்) போட்டு நன்றாகத் திமிசு போட்டு இறுக்குங்கள். மேலே ஓர் அங்குல மணல். மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம், வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக. இரு ஓரமும் கான்கிரீட் அணைப்பு இல்லையென்றால் வரிசை வெளியே நகரும், இடுக்கு விரியும், மணல் கரைந்து கல் ஆடும். இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றவே கூடாது, வெடித்துவிடும். உலர்ந்த சன்ன மணலைக் கூட்டித் தள்ளினால் போதும். பழுதானால் ஒற்றைக் கல்லை மட்டும் பெயர்த்து மாற்றலாம். கான்கிரீட் தளத்தில் இந்த வசதி கிடையாது.