ஸ்கேன் செய்வதென்றால் எக்ஸ்பி2 சூப்பர்

கறுப்பு வெள்ளையில் எடுத்து, நெகட்டிவை ஸ்கேன் செய்து பிரிண்ட் போடுபவர் யார் கேட்டாலும் நான் சொல்வது இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் ஃபிலிம்தான். வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிம்களான டிரை-எக்ஸும் எச்பி5 பிளஸும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இருட்டறையில் என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) வைத்துப் பிரிண்ட் போடுவதென்றால் அவற்றைத்தான் எடுப்பேன். ஸ்கேனருக்கு வேறு கணக்கு.

முக்கியக் காரணம் தூசி. சென்னையில் ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் நெகட்டிவில் தூசி வந்து உட்காரும். அகச்சிவப்பு ஒளியால் தூசி, கீறலைக் கண்டுபிடித்து அழிக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதி பல ஸ்கேனர்களில் இருக்கிறது. வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அது உதவாது. அதில் படமே வெள்ளித் துகள்தான். வெள்ளி அகச்சிவப்பை மறைப்பதால், படத்தையும் தூசி என்றெடுத்து ஸ்கேனர் இழுகிவிடும். எக்ஸ்பி2வோ, கலர் ஃபிலிம் போல சி-41 என்ற முறையில் கழுவுவது. கழுவி முடிக்கும்போது வெள்ளி போய்ச் சாயம் மட்டும் நிற்கும். சாயத்தை அகச்சிவப்பு கடந்துவிடும். போட்டோஷாப்பில் புள்ளி புள்ளியாகத் துடைக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

அப்புறம் வெயில். காசிமேட்டில் உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியோடு நிற்பவரை எடுத்துப் பாருங்கள். வெள்ளி ஃபிலிம் கொஞ்சம் கூடுதலாக டெவலப் ஆனாலே வேட்டிப் பகுதி அடர்ந்து, ஸ்கேனில் வெறும் வெள்ளையாகிவிடும். எக்ஸ்பி2வில் மடிப்புகள் தெரிகின்றன. பெட்டியில் ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) 400 என்று போட்டிருந்தாலும் நான் கேமராவில் 200 வைத்து, கூடுதல் வெளிச்சம் கொடுத்து எடுக்கிறேன்; கழுவும் நேரம் மாறாது. இந்த ஃபிலிமில் வெளிச்சம் கூடினால் கிரெயின், அதாவது படத்தில் தெரியும் பொடிப்பொடியான தன்மை, குறையும். 35 மி.மீ. நெகட்டிவை 3200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 3200 புள்ளி) ஸ்கேன் எடுத்தால் சுமார் 4500க்கு 3000 பிக்சல் வரும், 300 டிபிஐயில் 15க்கு 10 அங்குல பிரிண்ட். அந்த அளவிலும் முகத்தின் தோல் வழவழப்பாக, அழகாக இருக்கிறது.

குறையும் உண்டு. ஸ்கேன் முதலில் சப்பென்று தெரியும். போட்டோஷாப்பின் கர்வ்ஸ் கருவியில் கான்ட்ராஸ்ட் ஏற்றித்தான் ஆக வேண்டும். லேபில் கெமிக்கல் பழசாக இருந்தால் நெகட்டிவ் கெட்டுவிடும், அதனால் கலர் ரோல் நிறைய ஓடும் இடத்தில் மட்டும் கொடுங்கள். சாயம் வெள்ளி அளவுக்கு நீண்ட காலம் நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிரெயின்தான் வேண்டுமென்றால் சரி, டிரை-எக்ஸ் போடுங்கள். டெவலப் நேரத்தைப் பத்துப் பதினைந்து சதவீதம் குறையுங்கள், ஸ்கேனரில் ஐஸை அணைத்துவிடுங்கள்.