கேரட் கப் கேக் மாவுப் பொட்டலம்: வாங்கிச் செய்து பார்த்ததில்

தீபாவளிக்கு முந்தைய வாரம், பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடையொன்றில் 14 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, 12 கப் கேக்குகளுக்கான கேரட் கேக் மாவுப் பொட்டலம் ஒன்றை வாங்கினேன். (சிங்கப்பூரில் கேரட் கேக் என்று கேட்டால் முள்ளங்கியும் அரிசிமாவும் சேர்த்து அவித்து வறுத்த பலகாரம் வரும், இது அதுவன்று.)

மாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெய் ஊற்றச் சொல்வதும் சரியே. குளிரில் எண்ணெய் வெண்ணெய்போல் இறுகுவதில்லை என்பதால், குளிர்பெட்டியில் வைத்த கேக் மறுநாளும் மெத்தென்றே இருந்தது. குறையெல்லாம் உடன் தந்திருந்த காய்ந்த கேரட் துருவலில்தான். அட்டையில் அச்சிட்டபடி வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்தும், முதல் ஆறு கேக்குகளில் அது நார்நாராகப் பல்லில் சிக்கியது.

மீதிப் பாதி மாவுக்கு அதை ஒதுக்கிவிட்டு, ஒரு புதிய கேரட்டைச் சன்னமாகத் துருவிச் சேர்த்தேன். கேரட் நீர் விடும் என்பதால் தண்ணீரை ஒரு மேசைக்கரண்டி குறைத்து, 180 பாகை செல்சியஸ் சூட்டில் 20 நிமிடம் வைத்ததில், குத்திப் பார்த்த குச்சியில் மாவு ஒட்டவில்லை. பிட்டபோது ஆரஞ்சு இழைகள் பளபளத்தன, பட்டை வாசனை கூடம் வரை வந்தது.

கிரீம் சீஸ் மேற்பூச்சு பினாங்கு வெக்கைக்கு அரைமணி நேரத்தில் வழிந்துவிட்டது. பரிமாறும்போது பூசுவதே நல்லது. துருவல் இல்லாமல் 10 வெள்ளிக்கு விற்றால் மீண்டும் வாங்குவேன்.