இறுக்கமான இடத்தில் கார் ஆம்ப்: ஃபேனா, அலுமினியத் தகடா, கிளாஸ் டி-யா?

முன்னிருக்கைக்கு அடியில் நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வைத்திருந்தேன். கிளாஸ் ஏபி ரகம் (டிரான்சிஸ்டர்கள் சமிக்ஞையைத் தொடர்ச்சியாகப் பெருக்கும் வகை), நல்ல கனம். முதல் அரை மணி நேரம் அருமையாக ஓடும். அப்புறம் பாட்டின் நடுவிலேயே சத்தம் அறுந்துபோகும். குனிந்து பார்த்தால் புரொடெக்ட் விளக்கு சிவப்பாக எரியும். ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோக உடல்) மேல் இரண்டு நொடிக்கு மேல் கையை வைக்க முடியாது. பத்து நிமிடம் ஆறவிட்டால் தானாகவே மறுபடி பாடத் தொடங்கிவிடும். சூடு தாங்காமல் ஆம்ப் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது என்று புரிந்தது. உடனே கம்ப்யூட்டரில் வரும் ஃபேன் இரண்டை வாங்கி அதன் மேல் பொருத்தினேன். அதனால் கிடைத்தது கூடுதலாக ஐந்தே நிமிடம்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிவானது. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,200 ஜூல் போதும். இருக்கைக்கு அடியில் தரைவிரிப்புக்கும் மெத்தைக்கும் நடுவே அடைபட்டிருக்கும் காற்று 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வெறும் 36 ஜூல். ஆம்ப் 50 வாட் வெப்பத்தைத் தள்ளினால் ஒரு நொடிக்குள் அந்தக் காற்று ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிடும். சுற்றியுள்ள உலோகமும் விரிப்பும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் நிலைமை அவ்வளவு வேகமாக மோசமாவதில்லை, அவ்வளவுதான். நான் வைத்த ஃபேன்கள் அந்த 30 லிட்டர் புழுக்கத்தையே சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருந்தன. புதுக் காற்று உள்ளே வரவும் இல்லை, சூடான காற்று வெளியே போகவும் இல்லை.

ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: வெப்பம் எந்தப் பாதையில் அந்த இடத்தை விட்டு வெளியேறுகிறது?

எவ்வளவு வெப்பம் என்று முதலில் பார்ப்போம்

சேனலுக்கு 75 வாட் வீதம் நாலு சேனல், மொத்தம் 300 வாட் ஆம்ப் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு எப்போதும் உச்சத்திலேயே இருக்காது. சத்தமாகக் கேட்டாலும் சராசரி வெளியீடு முழுத் திறனில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்கிடுவது ஆம்ப் சோதனைகளில் வழக்கம். அப்படியென்றால் ஸ்பீக்கருக்குப் போவது சுமார் 37 வாட். அந்த அளவில் ஏபி-க்கு நெருங்கிய கிளாஸ் பி வகைச் சுற்றின் செயல்திறன், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் ஸ்பீக்கருக்குப் போகும் பங்கு, சைன் அலைக்கான (ஒரே சீரான ஒற்றைச் சுருதிக்கான) கோட்பாட்டுக் கணக்கில்கூட 28 சதவீதத்தைத் தாண்டாது. ஏபி ரகம் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே தரும். எனவே 37 வாட் இசைக்காக அந்தப் பெட்டி 100 வாட்டுக்குக் குறையாத வெப்பத்தைக் கக்கும். அதே வேலையை நல்ல கிளாஸ் டி ஆம்ப் (டிரான்சிஸ்டர்களை வேகமாக ஆன், ஆஃப் செய்து பெருக்கும் வகை) செய்தால் வெப்பம் சுமார் 15, 20 வாட்டோடு நிற்கும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கிளாஸ் பி, ஏபி சுற்றுகள் அதிகம் சூடாவது உச்ச சத்தத்தில் இல்லை. தொடர்ந்த சைன் அலைக்கு, முழுத் திறனில் 40 சதவீதத்தை ஒட்டிய இடத்தில்தான் டிரான்சிஸ்டர்களில் வெப்பம் உச்சம் தொடுகிறது. "நான் ஒன்றும் முழு வால்யூம் வைக்கவில்லையே, ஏன் இப்படிக் கொதிக்கிறது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

ஃபேன்: வழி இருந்தால் வல்லவன்

80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று தடையில்லாமல் சுழன்றால் 30 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 30 கன அடி) அளவுக்குக் காற்றைத் தள்ளும். அதாவது மணிக்கு சுமார் 50 கன மீட்டர். 100 வாட் வெப்பம் முழுவதும் அந்தக் காற்றோடு வெளியேறினால், வெளியே வரும் காற்று உள்ளே போனதைவிட 6 டிகிரிதான் கூடுதலாக இருக்கும். பாதை நெருக்கமாகி ஓட்டம் 10 சிஎஃப்எம்-ஆகக் குறைந்தால் அதுவே 18 டிகிரி. பாதை அடைத்தே இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே சொன்னேன்.

80 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர். காற்று நுழையும் வழி, வெளியேறும் வழி இரண்டுக்கும் தனித்தனியே குறைந்தது அந்த அளவு திறப்பு வேண்டும். மேலே சல்லடை போட்டால் அதன் கம்பிகள் மறைக்கும் பரப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு திறப்புகளும் எதிரெதிர் முனைகளில் இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வெளியே போன சூடான காற்றே திரும்ப உள்ளே வரும்.

காற்றை ஹீட் சிங்க் ஃபின்களின் (வரிசையாக நிற்கும் உலோகத் தகடுகளின்) நீளவாக்கில் ஓடவிட வேண்டும். குறுக்கே அடித்தால் முதல் இரண்டு ஃபின்னில் மோதித் தெறித்துவிடும். ஊதுவதா, உறிஞ்சுவதா என்ற பழைய சண்டைக்கு என் பதில் இடத்தைப் பொறுத்தது. குளிர்ந்த காற்றை ஃபேன் நேராக ஃபின்களில் ஊதும்போது வெப்பம் நன்றாகக் கழன்று வரும், ஃபேனும் சூடாகாது. டிக்கியின் பொய்த்தளத்துக்குள் ஆம்ப் இருந்து, சூடான காற்றை ஒரு குழாய் வழியே வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் உறிஞ்சுவதுதான் வசதி.

இணைப்பில் ஒரு எச்சரிக்கை. ஹெட் யூனிட்டிலிருந்து (டாஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோவிலிருந்து) வரும் ரிமோட் வயர் ஆம்ப்பை எழுப்புவதற்கான சமிக்ஞை மட்டுமே; அதிக மின்னோட்டத்தை அது தாங்காது. ஃபேன்களை நேரடியாக அதில் மாட்டாதீர்கள். ரிமோட் வயர் ஒரு ரிலேயை (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் ஸ்விட்ச்சை) இயக்கட்டும், ரிலே ஃபியூஸ் வழியாக ஃபேனுக்கு மின்சாரம் கொடுக்கட்டும். ரிலே சுருளின் குறுக்கே ஒரு டயோடு போடுவதை மறக்க வேண்டாம். எஞ்சின் ஓடும்போது கார் மின்சாரம் 14 வோல்ட்டை ஒட்டி இருப்பதால் 12 வோல்ட் ஃபேன் தன் அளவைவிட வேகமாகச் சுழன்று இரையும். சிறிய ஸ்டெப் டவுன் மாட்யூல் ஒன்றால் 8 வோல்ட்டுக்குக் குறைத்தால் அது ஓடுவதே காதில் விழாது. காற்று குறையும், ஆனால் வழி திறந்திருந்தால் அதுவே போதும். 45 டிகிரியில் மூடிக்கொள்ளும் தெர்மல் ஸ்விட்ச் ஒன்றை ஹீட் சிங்க்கில் பொருத்தினால் தேவைப்படும்போது மட்டும் சுழலும். ஃபேன் வயரை ஆர்சிஏ வயருக்கு (ஒலிச் சமிக்ஞை வரும் வயருக்கு) பக்கத்தில் ஓட்டினால் மெல்லிய ரீங்காரம் ஸ்பீக்கரில் கேட்கலாம், தள்ளியே கொண்டுபோங்கள்.

குறைகளும் உண்டு. இருக்கைக்கு அடியில் காலணித் தூசி, நூல், முடி எல்லாம் ஃபேனில் சுற்றிக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் ஃபின்களின் இடுக்கில் பஞ்சு போல அடைத்துவிடும். ஃபேன் நின்றுபோனாலும் உங்களுக்குத் தெரியாது; புரொடெக்ட் விளக்கு எரியும்போதுதான் தெரியும்.

அலுமினியத் தகடு: சத்தமில்லாத உழைப்பாளி

ஆம்ப்பை எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் திருகிவைப்பது வழக்கம். அந்தப் பலகையும் தரைவிரிப்பும் வெப்பத்துக்குப் போர்வை மாதிரி. அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் அளவில் எம்டிஎஃப் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கடத்தாது. பலகையை எடுத்துவிட்டு 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் பொருத்தினால் ஆம்ப்பின் வெப்பம் பெரிய பரப்புக்குப் பரவும். அசையும் பாகம் இல்லை, இரைச்சல் இல்லை, தூசியைப் பற்றிக் கவலை இல்லை.

எவ்வளவு உதவும்? ஃபேன் இல்லாமல், காற்றோட்டமும் கதிர்வீச்சும் சேர்ந்து ஒரு சதுர மீட்டரிலிருந்து டிகிரிக்கு 5 முதல் 10 வாட் வரை எடுத்துக்கொண்டு போகும். 30-க்கு 40 சென்டிமீட்டர் தகடு சுற்றுக் காற்றைவிட 30 டிகிரி சூடாக இருந்தால், ஒரு பக்கத்திலிருந்து 30 வாட் வரை கழியும். இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி கால் வைத்துத் தூக்கிவைத்தால் 60 வாட்டை நெருங்கலாம். முன்பு பார்த்த எண்களோடு வைத்துப் பாருங்கள்: கிளாஸ் டி-யின் 20 வாட்டுக்குத் தகடு தாராளம், கிளாஸ் ஏபி-யின் 100 வாட்டுக்குப் போதவே போதாது. ஃபேனும் தகடும் ஒன்றுக்கொன்று போட்டி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தகடு ஒரு ரக ஆம்ப்புக்கு, ஃபேன் இன்னொரு ரகத்துக்கு.

தகட்டைப் பளபளவென்று தேய்த்து அழகு பார்க்காதீர்கள். மெருகேற்றிய அலுமினியம் வெப்பத்தைக் கதிர்வீசுவதே அபூர்வம். அனோடைஸ் செய்த அல்லது மெல்லிய பெயிண்ட் அடித்த பரப்பு பல மடங்கு நன்றாக வீசும். முக்கியமாக, தகடு வாங்கும் முன் ஆம்ப்பை அரை மணி நேரம் ஓட்டி அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். பல ஆம்ப்களில் டிரான்சிஸ்டர்கள் பக்கவாட்டு ஹீட் சிங்க்கில் இறுக்கப்பட்டிருக்கும். அடிப்பக்கம் வெறும் மூடிதான். அப்படியிருந்தால் கீழே தகடு வைத்துப் பயனில்லை. அடியிலேயே சூடு தெரிந்தால், நடுவே தெர்மல் பேட் வைத்து இறுக்கலாம். அது வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. திருகுகளுக்கும் பிளாஸ்டிக் வாஷர் போட்டுவிட்டால் ஆம்ப்பின் உடல் வண்டியின் உடலைத் தொட்டு கிரவுண்ட் லூப் (எர்த் இணைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் அமைவது) இரைச்சல் கொடுக்கும் வாய்ப்பும் குறையும்.

இடத்தை மாற்றுவது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இறுக்கமான வண்டியில் தேர்ந்தெடுக்க இடமே அதிகம் இருக்காது. பின்பக்க அலமாரிக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிடுவது எல்லாவற்றிலும் மோசம். மேலேற நினைக்கும் சூடான காற்று அங்கேயே மாட்டிக்கொள்ளும். சப் ஊஃபர் பெட்டியின் மேல் திருகுவதும் வேண்டாம், எம்டிஎஃப் போர்வையோடு அதிர்வும் சேர்ந்து சால்டர் இணைப்புகளைத் தளர்த்தும். பின்னிருக்கை முதுகின் டிக்கிப் பக்கம் செங்குத்தாக, ஃபின்கள் மேலும் கீழுமாக ஓடும்படி வைத்தால் ஃபின்களுக்கு நடுவே காற்று தானே மேலேறும். இறுக்கமான வண்டியிலும் சில சமயம் இதற்கு இடம் இருக்கும். இருக்கைக்கு அடியில்தான் வைக்க வேண்டுமென்றால், பின்வரிசைக்கான ஹீட்டர் குழாய் அங்கே திறக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் அது சரியாக ஆம்ப்பின் முகத்தில்தான் ஊதும்.

கிளாஸ் டி-க்கு மாறுவது

புதிதாக வாங்கப்போகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். வெப்பத்தை வெளியேற்ற மெனக்கெடுவதைவிட அதை உண்டாக்காமல் இருப்பது எளிது. பெட்டியும் சிறியது, மின்சாரமும் குறைவு. தொடக்க காலத்தில் கிளாஸ் டி என்றால் சப் ஊஃபருக்கு மட்டும் என்ற நிலை இருந்தது. இப்போது வரும் முழு அலைவரிசை ஆம்ப்கள் சில நூறு கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஸ்விட்ச் ஆகின்றன. மேல் ஸ்தாயியில் எனக்கு எந்தக் குறையும் கேட்கவில்லை. சில மலிவான மாடல்கள் ரேடியோவின் ஏஎம் அலைவரிசையில் இரைச்சல் கலக்கும், அதை மட்டும் சோதித்து வாங்குங்கள்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். "கிளாஸ் டி சூடாகாது, எங்கே வேண்டுமானாலும் திணிக்கலாம்" என்பார்கள். வெப்பம் குறைவுதான், ஆனால் அதை வெளியேற்றும் உடலும் உள்ளங்கை அளவுதான். நுரைக்குள் பொதிந்து வைத்தால் அதுவும் நின்றுபோகும். சுற்றிலும் 3, 4 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

ஃபேன் வாங்கும் முன் கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் ஃபில்டரை (அதற்குக் கீழான ஒலியைத் தடுப்பது) போட்டுப் பாருங்கள். ஆம்ப்பின் சக்தியைப் பெரும்பாலும் தின்பது கீழ் பேஸ்தான். அதைச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து எடுத்துவிட்டால் வெப்பம் கையால் தொட்டு உணரும் அளவுக்குக் குறையும். கெயினை (உள்ளே வரும் சமிக்ஞையைக் கூட்டிக் குறைக்கும் திருகை) அளவுக்கு மீறித் திருகி வைத்திருந்தால் அலை கிளிப் ஆகி (உச்சி வெட்டப்பட்டு), சராசரி வெளியீடு ஏறி, சூடும் ஏறும். 4 ஓமுக்குப் பதில் 2 ஓம் சுமை கொடுத்தால் மின்னோட்டம் இரட்டிப்பாகும். கூடுதல் சத்தத்துக்கு விலையாகக் கூடுதல் வெப்பம் வரும். பவர் வயர் மெல்லியதாக இருந்தால் பாதி வழியிலேயே வோல்ட் குறைந்து, ரெகுலேட்டட் வகை ஆம்ப் அதை ஈடுகட்ட இன்னும் அதிக மின்னோட்டம் இழுக்கும்.

பெல்டியர் தகடு (மின்சாரத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) பற்றிச் சிலர் ஆசையோடு கேட்கிறார்கள். வேண்டாம். அது அகற்றும் வெப்பத்தைவிட அதிகமான மின்சாரத்தைத் தானே தின்று, அதையும் சேர்த்து அதே குறுகிய இடத்தில் கொட்டும். ஏசி குழாயை நேராக ஆம்ப்பில் திருப்புவதும் சரியில்லை. குளிர்ந்த உலோகத்தில் ஈரம் பூக்கும். ஆனால் ஏசியால் குளிர்ந்த கேபின் காற்றை ஃபேன் இழுத்துக்கொள்ளும்படி நுழைவழி வைப்பது மிக நல்லது.

என் வண்டியில் பழைய ஏபி ஆம்ப்பை மாற்ற மனம் வரவில்லை. அதன் குரல் எனக்குப் பிடிக்கும். இரண்டு ஃபேன்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதை ஒரு முனையில் கேபின் காற்றை எடுக்கும்படி வைத்தேன். மறுமுனையில் தரைவிரிப்பை வெட்டி ஒரு திறப்பு விட்டேன். எம்டிஎஃப் பலகை போய்விட்டது; ஆம்ப் இப்போது உலோகக் கால்களில் 3 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு மணி நேரம் கேட்ட பிறகு ஹீட் சிங்க்கில் 58 டிகிரி காட்டியது. ஆம்ப்புக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுவியலில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. அதனால் 58-இலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. வெளியேறும் திறப்பை இன்னும் இரண்டு விரல் அகலமாக்க வேண்டும். அடுத்த முறை இருக்கையைக் கழற்றும்போது அதுதான் முதல் வேலை.