பெஸ்தாரி ஜெயாவில் தரை வீடா, கோலாலம்பூர் அருகே அடுக்குமாடியா? 7,000 வெள்ளிக் குடும்பத்தின் கணக்கு

பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்லும், சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் இப்போது கோலாலம்பூரில் சம்பளம் வாங்குகிறார்கள். வேலை நகரத்திலும் பெற்றோர் தோட்டப் பட்டணத்திலும் இருக்கும்போது வீட்டை எங்கே வாங்குவது என்ற கேள்வி, திருமணமான முதல் சில ஆண்டுகளிலேயே அவர்கள் முன் வந்து நிற்கிறது. ஊரில் வாங்கினால் மலிவு, நகரத்தில் வாங்கினால் கட்டுப்படியாகாது என்ற பொதுவான பேச்சை நம்பி முடிவெடுப்பவர்கள், ஒரு முறையாவது கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கணவன், மனைவி இருவரும் கோலாலம்பூரில் வேலை செய்து, கூட்டாக மாதம் 7,000 மலேசிய வெள்ளி ஈட்டும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டுக் குடும்ப வருமானக் கணக்கெடுப்பின்படி 5,250 வெள்ளி முதல் 11,819 வெள்ளி வரை ஈட்டுவோர் எம்40 எனப்படும் நடுத்தர 40 விழுக்காட்டுப் பிரிவினர். ஆகவே நாட்டளவில் இது நடுத்தரக் குடும்பமே. ஆனால் அதே கணக்கெடுப்பில் சிலாங்கூரின் இடைநிலை வருமானம் 9,983 வெள்ளி, கோலாலம்பூரில் 10,234 வெள்ளி. அதாவது, வீட்டு விலையை நிர்ணயிக்கும் கூட்டத்துக்கு மிகவும் கீழே நின்றுதான் இக்குடும்பம் வீடு தேடுகிறது. வீட்டு விலை ஆண்டு வருமானத்தின் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது என்பது கஸானா ஆய்வுக் கழகம் வீட்டுச் சந்தையை அளக்கக் கையாளும் அளவுகோல். அதை இக்குடும்பத்துக்குப் பொருத்தினால் கிடைக்கும் உச்ச விலை 252,000 வெள்ளி.

கணக்குக்காக, பெஸ்தாரி ஜெயாவில் 320,000 வெள்ளிக்கு ஒரு தரை வீடு என்றும், கெப்போங், ஜிஞ்சாங் பக்கம் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் 420,000 வெள்ளிக்கு ஓர் அடுக்குமாடி வீடு என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுமே மேற்சொன்ன வரம்பை மீறியவை என்பதை மறக்க வேண்டாம். 90 விழுக்காட்டுக் கடன், 4 விழுக்காடு வட்டி, வங்கிகள் அனுமதிக்கும் உச்ச காலமான 35 ஆண்டுகள் என்று போட்டால், தரை வீட்டுக்கு மாதத் தவணை சுமார் 1,275 வெள்ளி, அடுக்குமாடிக்குச் சுமார் 1,674 வெள்ளி. அடுக்குமாடிக்குப் பராமரிப்புக் கட்டணமாக ஒரு 250 வெள்ளியையும் சேர்த்தால், தரை வீடு மாதத்துக்கு ஏறக்குறைய 650 வெள்ளி மலிவு. பெரும்பாலானோர் கணக்கை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பெஸ்தாரி ஜெயாவுக்கு ரயில் கிடையாது. நகரத்துக்குப் போக ஒரு வழிக்கு 50 கிலோமீட்டர் என்று கொண்டால், மாதம் 22 வேலை நாளில் ஒரு கார் 2,200 கிலோமீட்டர் ஓட வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் சிறிய கார் என்றாலும், மானிய விலையான 1.99 வெள்ளிக்கு ரோன்95 போட்டால் பெட்ரோலுக்கு மட்டும் 306 வெள்ளி ஆகும். இருவருக்கும் வேலையிடமும் வேலை நேரமும் வேறு வேறாக இருந்தால் இரண்டாவது கார் வாங்காமல் முடியாது. 45,000 வெள்ளிக் கடனை 3 விழுக்காடு நிலை வட்டியில் ஒன்பது ஆண்டுகளுக்குக் கட்டினால் மாதம் 530 வெள்ளி. ஆக, இரண்டு கார்களின் பெட்ரோலும் இரண்டாவது காரின் தவணையும் சேர்ந்து 1,140 வெள்ளியைத் தாண்டுகிறது. லாத்தார் நெடுஞ்சாலை டோல், காப்புறுதி, டயர், சர்வீஸ் எதுவும் இதில் சேரவில்லை. நிலையத்தருகே குடியிருப்பவர்களோ ஆளுக்கு ஒரு மை50 என்ற மாதப் பொதுப் போக்குவரத்து அட்டை வாங்கி, இருவருக்கும் 100 வெள்ளியில் மாதப் பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். வீட்டுத் தவணையில் மிச்சமான 650 வெள்ளியைச் சாலை விழுங்கி, அதற்கு மேலும் 400 வெள்ளி கேட்கிறது.

இருவரும் ஒரே காரில் போய் ஒரே காரில் திரும்ப முடிந்தால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. அப்போது கூடுதல் பயணச் செலவு 200 வெள்ளியும் டோலும்தான். ஊர் வீடு தெளிவாக வெல்கிறது. ஒருவருக்கு ரவாங், செரண்டா, புஞ்சாக் ஆலாம் பக்கம் வேலை கிடைத்து, அவர் மோட்டார் சைக்கிளில் போய்வர முடிந்தாலும் அப்படித்தான். எனவே வீட்டு விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன், இரண்டாவது கார் தேவைப்படுமா என்பதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது நல்லது. என் பார்வையில் இந்த ஒப்பீட்டில் வேறெந்தக் கேள்வியும் இதற்கு ஈடாகாது.

பணத்தில் அடங்காத பக்கமும் உண்டு. அதை நான் சிறிதாக எண்ணவில்லை. தரை வீட்டின் பின்புறத்தில் கூரை இறக்கி, சிமெண்டுத் தொட்டியும் அம்மியும் வைத்து, விறகடுப்பில் பொங்கல் வைக்கும் இடம் அடுக்குமாடியில் கிடைக்காது. அதைவிட முக்கியமாக, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி பக்கத்திலேயே இருக்கிறார். குழந்தைப் பராமரிப்பு இல்லத்துக்குக் கட்ட வேண்டிய பணம் மிச்சமாகிறது, பிள்ளைக்குத் தமிழும் நிலைக்கிறது. ஆனால் விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்பும் பெற்றோரைப் பிள்ளை வார இறுதியில்தான் விழித்த கண்ணோடு பார்க்கும். சுங்கை பூலோ நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு எம்ஆர்டி பிடிப்பது பெட்ரோலைக் குறைக்கும் என்றாலும், அந்த நேரத்தைப் பெரிதாகத் திருப்பித் தராது.

கம்பத்து (கிராமத்து)ப் பக்கம் காலி நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், முதலில் நிலப்பட்டாவைப் பாருங்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு மாற்ற முடியாது. விவசாய நிலத்தில் முறையான அனுமதியின்றி வீடு கட்டினால் பிற்பாடு வங்கியும் கைவிடும், மாவட்ட நில அலுவலகமும் கேள்வி கேட்கும். புதிய தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கான ஒதுக்கீட்டு வீடுகளின் கழிவு விலையைப் பார்த்து மயங்குவதிலும் பயனில்லை. அந்த விலை நமக்குரியதல்ல.

வாடகை மூன்றாவது வழி. குழந்தை பிறக்கும்வரை நகரத்தில் வாடகைக்கு இருந்து முன்பணம் சேர்ப்பது நியாயமான திட்டம்தான். ஆனால் இரண்டு மாத வைப்புத்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும், இந்தியர் என்றதும் வீடு இல்லை என்று சொல்லும் உரிமையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது மனத்தைச் சுடும் உண்மை. திட்டம் போடும்போது இதற்கும் சேர்த்தே நாள் ஒதுக்க வேண்டும்.

252,000 வெள்ளி வரம்புக்குள் உண்மையிலேயே வருவது மாநில அரசின் ரூமா சிலாங்கூர்கூ வீடுகள். அவற்றில் ரூமா இடாமான் வகை, 1,000 சதுர அடி வீட்டை 250,000 வெள்ளிக்குத் தருகிறது. அதே கடன் விதிப்படி தவணை 1,000 வெள்ளிக்குள் அடங்கும். முன்பணம் இல்லாதவர்கள் முதல் வீட்டுத் திட்டத்தின் வழி முழுக் கடன் பெற்றாலும் மாதம் சுமார் 1,107 வெள்ளிதான். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்க முடியாது, விரும்பிய இடத்தில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை, காத்திருக்க வேண்டும் என்பவை குறைகள்தான். இருந்தும் 7,000 வெள்ளிக் குடும்பம் முதலில் அதற்கு விண்ணப்பித்துவிட்டு மற்ற இரண்டையும் பார்ப்பதே சரி என்பேன். பெயர் வரவில்லை, இருவருக்கும் நகரத்தில் வெவ்வேறு இடத்தில் வேலை என்றால், நிலையத்துக்கு அருகே சிறியதாக, பழையதாக இருந்தாலும் ஓர் அடுக்குமாடி வீடு. ஒரே காரில் போய்வர முடியுமென்றால் பெஸ்தாரி ஜெயாவில் தரை வீடு.