நிக்ஸ்க்வெஸ்ட்: ஐந்து சிறகடிப்புகளும் பிடியில் நிற்காத ஒரு கல்லும்

என் மவுஸின் இடது பொத்தான் பழுதுபார்க்கப்பட்டு வந்த மூன்றாம் நாள், நண்பர் ஒருவர் ‘நிக்ஸ்க்வெஸ்ட் வாங்கலாமா?’ என்று கேட்டிருந்தார். ஆறு ஆண்டுகளில் மூன்று முறை முழுமையாக முடித்த விளையாட்டு அது. இருந்தும் அவருக்கு உடனே பதில் எழுத முடியவில்லை, ஏனென்றால் அந்த மவுஸ் கெட்டுப்போயிருந்த காலம் முழுவதும் நான் குறை சொல்லிக்கொண்டிருந்தது இந்த விளையாட்டைத்தான்.

ஸ்பெயினைச் சேர்ந்த ஓவர் தி டாப் கேம்ஸ் என்ற சிறிய குழு 2009இல் நின்டெண்டோவின் வீ விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்டு, அடுத்த ஆண்டே கணினிக்கும் கொண்டுவந்த புதிர் பிளாட்ஃபார்மர் இது, அதாவது மேடைக்கு மேடை தாவிப் புதிர்களை அவிழ்த்து முன்னேறும் விளையாட்டு. கதை கிரேக்கத் தொன்மத்தை எடுத்துக்கொண்டு, அதை வேறு திசையில் திருப்புகிறது. தந்தை டீடலஸ் மெழுகால் ஒட்டிக் கொடுத்த சிறகுகளோடு சூரியனை நெருங்கிப் பறந்து, மெழுகு உருகிக் கடலில் விழுந்தவன் இக்காரஸ் என்பது எல்லோரும் அறிந்த கதை. இங்கே அவன் பறந்து சென்றது வானில் வாழும் நிக்ஸைக் காண்பதற்காக. அவன் விழுந்த பிறகு, அவனைத் தேடி அவள் மண்ணுக்கு இறங்குகிறாள். பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியட் தரும் தெய்வ வம்சாவளியில் நிக்ஸ் இரவின் தெய்வம். உறக்கத்துக்கும் மரணத்துக்கும் தாய். ஹோமரின் இலியட் காவியத்தில், தன்னைத் தூங்கவைத்து ஏமாற்றிய உறக்கத் தெய்வம் ஹிப்னோஸைத் தண்டிக்க வந்த தெய்வங்களின் அரசர் ஜீயஸே, அவன் நிக்ஸிடம் அடைக்கலம் புகுந்ததும் கோபத்தை அடக்கிக்கொள்கிறார். அத்தகையவளை மணலில் புதைந்த தூண்களுக்கிடையே தனியாக நடக்கும் ஒரு சிறு உருவமாகக் காட்டியிருப்பது முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் முறை விளையாடியபோதுதான், பறக்கப் பிறந்தவளைத் தரையில் நடக்கவைப்பதே இந்தக் கதையின் துயரம் என்பது புரிந்தது.

அந்தத் துயரத்தைக் கையால் உணரச்செய்வது அவளுடைய சிறகு. ஒரு தாவலில் ஐந்து முறை மட்டுமே அவளால் சிறகடிக்க முடியும். அதன் பிறகு மிதந்து இறங்கலாம், மேலே ஏற முடியாது. இக்காரஸுக்கு எல்லை உயரத்தில் இருந்தது, இவளுக்கு எண்ணிக்கையில் இருக்கிறது. நான்காவது சிறகடிப்பில் எதிரே உள்ள மேடையின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும், ஐந்தாவதை இப்போதே செலவிடுவதா, இன்னும் சற்று இறங்கிய பிறகு செலவிடுவதா என்று விரல் தயங்கும். அந்த அரை நொடிக்காகவே இந்த விளையாட்டை மீண்டும் மீண்டும் திறந்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் அது ஒருமுறைகூடச் சலிக்கவில்லை.

என் சினம் முழுவதும் இன்னொரு கையின் மேல். கீபோர்டில் இடது கை நிக்ஸை நடத்த, வலது கையில் உள்ள மவுஸ் தெய்வங்களின் கையாகிறது: கற்களைப் பிடித்துத் தூக்கி நகர்த்துகிறது, ஜீயஸின் மின்னலை எதிரிகள்மேல் ஏவுகிறது. தூக்கிய கல் பாதி வழியில் பிடி விட்டு விழுவது எனக்கு வாடிக்கையாக இருந்தது. மவுஸைத் திறந்து பார்த்தவர் பொத்தானுக்கு அடியில் இருந்த மைக்ரோ சுவிட்சைக் காட்டினார். உள்ளே உள்ள மெல்லிய உலோகத் தகடு தளர்ந்துபோய், அழுத்திப் பிடித்திருக்கும்போதே தொடர்பு கணநேரம் விட்டுவிட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கணநேரத்தை விளையாட்டு ‘கையை விட்டுவிட்டார்’ என்று எடுத்துக்கொண்டது, அதன்மேல் தவறில்லை. புதிய சுவிட்ச் பொருத்திய பிறகு கல் அப்படி விழுவதில்லை என்பதால், நான் சொல்லிவந்த குறைகளில் பாதியை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மீதிப் பாதி அப்படியே இருக்கிறது, பழுது நீங்கியதால் இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. திரைக் காட்சி நிக்ஸைப் பின்தொடர்ந்து நகர்கிறது. கர்சரோ திரையில் நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. ஆகவே அவள் தாவி எழும் நேரத்தில், நான் மவுஸை அசைக்காதபோதும், கர்சருக்கு அடியில் இருந்த கல் கீழே நழுவிப் போய்விடுகிறது. அந்தரத்தில் சிறகடிப்புகளை எண்ணிக்கொண்டே, தானாக விலகும் ஒரு கல்லையும் துரத்த வேண்டியிருக்கிறது. வீ கருவியின் ரிமோட்டைத் திரைக்கு நேராக நீட்டி விளையாடுவதற்கென உருவான ஏற்பாட்டைக் கணினிக்கு மாற்றும்போது, பிடித்த பொருளோடு கர்சரை ஒட்டவைத்திருக்கலாம். அந்தச் சிறு மாற்றம் இல்லாததால், புதிரின் விடையைக் கண்டுபிடித்த பிறகும் தோற்கிறேன்; புரியாமல் தோற்பதைவிட அது பல மடங்கு வலிக்கிறது.

காட்சியழகு, இசை, எதிரிகள் பற்றிச் சொல்லப் புகார் ஒன்றும் இல்லை. நீளம் குறைவு, ஆனால் இந்தக் கதைக்கு அது போதும்.

நண்பருக்கு ‘வாங்க வேண்டாம்’ என்றுதான் எழுதினேன். முந்தின இரவு ஒரே பள்ளத்தில் பதினொரு முறை விழுந்த கோபம் அந்தப் பதிலில் இருக்கிறது, அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். பன்னிரண்டாம் முறை, கல்லை முன்கூட்டியே நகர்த்தி வைத்துவிட்டுத் தாவினேன். ஐந்தாவது சிறகடிப்பை விளிம்புக்குச் சற்றுக் கீழே வரும்வரை சேமித்து வைத்து அடித்தபோது, அவள் மேடையின் ஓரத்தில் கால் பதித்து நின்றாள்.